செல்விக்கு யார் கையெழுத்து?

போன வாரம் ஒரு போன் வந்தது. ஒரு காலத்தில் என் வார்டில் வேலை பழகிய பெண். இப்போது கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வந்தாள்.

"மேடம், அர்ஜென்டா ஒரு சந்தேகம். பதினேழு வயசுப் பொண்ணு, கருக்கலைப்புக்கு வந்திருக்கு. கூட அம்மா இருக்காங்க. அப்பா குவைத்துல. அப்பா கையெழுத்து இல்லாம தொடக்கூடாதுன்னு இங்க ஒரு சீனியர் சொல்றாங்க. வாட்ஸப்புல கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லலாமா?"

"அந்தப் பொண்ணை உட்கார வெச்சிருக்கியா, திருப்பி அனுப்பிட்டியா?"

"உட்கார வெச்சிருக்கேன் மேடம்."

"நல்லவேளை. அம்மா கையெழுத்துப் போட்டா போதும். சட்டத்தை எடுத்து உன் சீனியர்கிட்ட காட்டு."

பதினெட்டு வயதுக்குக் குறைவென்றால் இந்தக் காலத்தில் போலீசுக்கும் தகவல் போக வேண்டும். அதை டாக்டரிடம் ஞாபகப்படுத்தச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். காபி ஆறிப்போயிருந்தது. பாவம், அந்தச் சீனியரை நான் திட்ட முடியாது. அதே தப்பை அவரைவிடச் சத்தமாகச் செய்தவள் நான். அதைச் செய்தும் எப்படித் தப்பித்தேன், யார் யார் என்னைத் தப்ப வைத்தார்கள் என்பதை எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எனக்குச் சொந்த ஊர் குத்தாலம். தஞ்சாவூரில் நர்சிங் படித்தேன். மூன்றரை வருடப் படிப்பில் என்ன கற்றாய் என்று கேட்டால், கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் மடிக்கவும், பெரியவர்கள் சொன்னதைத் திருப்பிக் கேட்காமல் செய்யவும் கற்றேன் என்பேன். இரண்டாவது பாடத்தைக் கொஞ்சம் அதிகமாகவே கற்றுவிட்டேன். கூடப் படித்தவர்கள் எனக்கு வைத்த பெயர் 'ரூல்ஸ் தமயந்தி'. அதைப் பட்டமாகவே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கீழத்தஞ்சையில் ஒரு தாலுகா ஆஸ்பத்திரிக்கு மாற்றலானேன். ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. கீழ்வேளூரிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம், அவ்வளவுதான். சுற்றிலும் வயல். வயலைச் சுற்றிலும் தகராறு. நடவு வந்தால் கூலித் தகராறு, அறுவடை வந்தால் இன்னும் பெரிய கூலித் தகராறு, நடுவில் குடியிருக்கும் மனை யாருக்கு என்ற தகராறு. விவசாயத் தொழிலாளி குடிசை போட்டிருக்கும் இடம் அவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் சட்டம் சென்னையில் இருந்தது, பண்ணை பக்கத்தில் இருந்தது. எங்கள் பகுதியின் பெரிய பண்ணைக்காரர் ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டிக் கரையையும் மாற்றிக்கொள்ளத் தெரிந்தவர். யார் வந்தாலும் அவர் ஆளுங்கட்சிதான்.

இந்த நிலவரம் எங்கள் ஆஸ்பத்திரிப் படிவங்களிலும் இருந்தது. ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். பெண் என்றால் கணவன் அல்லது அப்பா. பண்ணையில் வேலை செய்யும் குடும்பமாக இருந்து, வீட்டு ஆண்பிள்ளை ஊரில் இல்லையென்றால், பண்ணை ஏஜெண்டு சைக்கிளில் வந்து 'காப்பாளர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். எந்த உத்தரவிலும் அப்படி இல்லை. எனக்கு முன்னால் இருந்த சிஸ்டர் அப்படிச் செய்தார், அவருக்கு முன்னால் இருந்தவரும் செய்தார். நானும் செய்தேன். பின்னால் பிரச்சினை வந்தால் பதில் சொல்ல ஒரு பெரிய மனிதர் இருக்கிறார் என்ற நிம்மதி எங்களுக்கு. அதை ரூல் என்றே நம்பினேன்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக வாய்த்தவர் டாக்டர் சுகந்தா. குள்ளமான உருவம், கண்ணாடி, எப்போதும் கஞ்சி போட்ட பருத்திப் புடவை. நான் பார்த்த டாக்டர்களில் கூலிக்காரப் பெண்களை 'வாங்க, உட்காருங்க' என்று சொன்ன முதல் ஆள் அவர். மற்ற எல்லோரும், நான் உள்பட, 'வா, ஏறிப் படு' என்போம். அவர் நின்றுகொண்டு யாரையும் கேள்வி கேட்க மாட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, நோயாளியின் முகத்துக்குக் கீழே தன் முகம் இருக்கும்படி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறப்பார். கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். அவர் கத்தினால் பயமில்லை. காதைக் கிட்டே கொண்டுபோக வேண்டியிருந்தால்தான் பயம்.

ஒரு சித்திரை மாதம், வெளிநோயாளிகள் வரிசை வராந்தாவைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் நின்றது. டாக்டர் பிரசவ அறையில் இருந்தார். சீட்டுப் பதியும் மேஜையில் நான். ஒரு பெண்ணை அழைத்துக்கொண்டு நடுவயதுக்காரி ஒருத்தி வந்து நின்றாள். அந்தப் பெண்ணுக்கு இங்கே செல்வி என்று பெயர் வைத்துக்கொள்கிறேன். கூட வந்தவள் அவளுடைய சித்தி, அம்மாவின் தங்கை, பெயர் அஞ்சலை. செல்விக்குப் பதினேழு வயது. அம்மா இல்லை. தை அறுவடையின்போது கூலிக்காக உள்ளூர் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்ய, பண்ணை வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து வயலில் இறக்கியது. இவர்கள் மறித்தார்கள், அடிதடி ஆனது. சங்கத்தில் முன்னால் நின்ற செல்வியின் அப்பா அப்போதிலிருந்து திருச்சி ஜெயிலில் இருந்தார். ஜாமீன் கிடைக்கவில்லை.

அஞ்சலை மேஜைமேல் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "தள்ளிப்போயிருக்குங்க. பாப்பாவுக்கு."

கணக்குப் பார்த்தேன். பதினோராவது வாரம் தொடங்கியிருந்தது. பன்னிரண்டு வாரத்துக்குள் என்றால் ஒரு டாக்டர் முடிவெடுத்துச் செய்யலாம், சிகிச்சையும் சுலபம். அதற்கு மேல் இரண்டு டாக்டர்கள் வேண்டும். எங்களிடம் இருந்தது ஒருவர். வயதைப் பார்த்ததும் எனக்குப் படிவம்தான் கண்முன் வந்தது.

"மைனர் பொண்ணு. அப்பா கையெழுத்து இல்லாம ஒண்ணும் செய்ய முடியாது," என்றேன். மெதுவாகச் சொன்னேனா? இல்லை. வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது என் குரல் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது.

"அவரு உள்ள இருக்காருங்களே."

"அப்ப பண்ணை கையெழுத்து வாங்கிட்டு வா. அடுத்த ஆளு வாங்க!"

அஞ்சலை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செல்வி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள். டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ரூல்படி நடந்த திருப்தியில் மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒன்பதாம் நாள் காலையில் இருவரும் மறுபடி வந்தார்கள். இந்த முறை மேஜைக்கு வரவில்லை. நான் வார்டிலிருந்து வெளியே வரும்வரை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தார்கள். அஞ்சலையின் முகம் வற்றிப்போயிருந்தது.

"நீங்க சொன்னீங்கன்னு பண்ணைக்குப் போனேங்க," என்றாள். "ஏஜெண்டு ஒரு பேப்பரைக் காட்டுறாரு. எங்க மச்சான் போட்டிருக்கிற மனைக் கேஸை வாபஸ் வாங்கிக்கிறதா எழுதியிருக்காம். அதை ஜெயிலுக்கு எடுத்துட்டுப் போயி மச்சான்கிட்ட கைநாட்டு வாங்கிட்டு வா, அப்புறம் பண்ணை கையெழுத்துப் போடும்ங்கிறாரு. மச்சான்கிட்ட என்னன்னு சொல்லி வாங்குவேன்? மனை போச்சுன்னா எங்க தெரு மொத்தமும் போயிடுங்க. அத்தனை பேரும் அந்த ஒரு கேஸை நம்பித்தான் இருக்காங்க. போடலேன்னா இது..." என்று செல்வியின் பக்கம் திரும்பி, முடிக்காமல் விட்டாள்.

இந்தப் பெண்ணின் விஷயத்தைப் பண்ணையின் கையில் கொண்டுபோய் வைத்தது நான். அவர்கள் தாங்களாகப் போகவில்லை, நான் அனுப்பினேன். அன்று எனக்குக் கொஞ்சம் நல்ல புத்தி இருந்திருக்கிறது. இருவரையும் நேராக டாக்டர் சுகந்தாவிடம் அழைத்துப் போய், நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நான் வரிசையில் கேட்டது, திருப்பி அனுப்பியது, பண்ணை என்று சொன்னது, எல்லாவற்றையும்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. செல்வியைப் பரிசோதித்தார். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டே, "பன்னெண்டு வாரத்துக்கு இன்னும் மூணு நாள் இருக்கு," என்றார். பிறகு அஞ்சலையை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"செல்வி, உன்னை யாராச்சும் கட்டாயப்படுத்தினாங்களா? பயப்படாம சொல்லு. அப்படின்னா நான் செய்ய வேண்டியது வேற."

இல்லை என்று தலையாட்டினாள். வெளியூரிலிருந்து அறுப்புக்கு வந்த கூட்டத்தில் ஒரு பையன். சித்திரை பிறந்ததும் பெண் கேட்டு வருகிறேன் என்றானாம். சித்திரை பாதிக்கு மேல் போய்விட்டது. ஊர் எது என்றுகூட அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

"சரி. சித்தி என்ன நினைக்கிறாங்கன்னு அப்புறம் கேக்கறேன். உனக்கு என்ன வேணும்?"

அவள் கால் விரலைப் பார்த்தபடி, "எனக்கு வேணாங்க. சத்தியமா வேணாங்க," என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள்.

டாக்டர் அஞ்சலையை உள்ளே கூப்பிட்டார். என்னிடம் கேஸ் ஷீட்டைக் கொடுத்து, "நான் கேக்கறதையும் அவங்க சொல்றதையும் அப்படியே எழுது," என்றார். கேள்விகள் எல்லாம் எனக்கு விசித்திரமாக இருந்தன. இந்தப் பெண்ணுக்குச் சோறு போடுவது யார்? அவ அம்மா செத்ததிலிருந்து நான்தாங்க. காய்ச்சல் வந்தால் யார் கூட்டிப்போவது? நான்தாங்க. எங்கே படுக்கிறாள்? என் பக்கத்துலங்க. பள்ளிக்கூடத்தில் சேர்த்தது யார்? மச்சான் சேத்தாருங்க, அனுப்புனது நானு. அப்பா ஜெயிலுக்குப் போன பிறகு யார் பொறுப்பு? அதற்கும் அஞ்சலை, "வேற யாரு இருக்காங்க?" என்றாள்.

நான் எழுதி முடித்ததும் டாக்டர் அலமாரியிலிருந்து கருக்கலைப்புச் சட்டப் புத்தகத்தை எடுத்து, ஒரு பக்கத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். ஆங்கிலத்தில் ஒரே வரி. மைனர் பெண்ணை யார் தம் பொறுப்பில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்களோ அவர்தான் காப்பாளர். அப்பா என்று அதில் இல்லை. கணவன் என்று இல்லை. பண்ணை என்று நிச்சயமாக இல்லை. அந்தச் சட்டப்படி எத்தனையோ படிவம் நிரப்பியவள் நான், அந்தச் சட்டத்தை ஒரு தடவையும் பிரித்துப் பார்த்ததில்லை.

"படிச்சியா தமயந்தி?" என்று காதில் விழாத குரலில் கேட்டார். தலையாட்டினேன். "மைப்பெட்டியை எடு."

அஞ்சலை இடது கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தாள். வைத்துவிட்டு, "மச்சான் வந்து கேட்டா என்னங்க சொல்றது?" என்றாள். டாக்டர், "என்கிட்ட அனுப்புங்க," என்றார்.

அன்று மத்தியானமே பண்ணை ஏஜெண்டு வந்துவிட்டார். செல்வியை வார்டில் படுக்க வைத்து, கதவருகே திரையை இழுத்துவிட்டிருந்தேன். அவர் டாக்டரின் அறைக்குள் சிரித்துக்கொண்டே நுழைந்தார். சொல்லாமலே உட்கார்ந்தார்.

"நம்ம பண்ணைச் சனம் டாக்டரம்மா. மைனர் பொண்ணு கேஸு. கார்டியன் இல்லாம நீங்களும் சங்கடப்படுவீங்க. கொஞ்சம் பொறுங்க, ஒரு கைநாட்டு வர வேண்டியிருக்கு, வந்ததும் நானே போட்டுத் தர்றேன்."

"அப்படி ஒரு கேஸ் இந்த ஆஸ்பத்திரியில இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

ஏஜெண்டு என் பக்கம் கையை நீட்டினார். "இந்த சிஸ்டர்தாங்க. வரிசையில அத்தனை பேருக்கு முன்னாடி கேட்டாங்களே. ஊரு பூரா தெரியும்."

தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. டாக்டர் என்னைத் திரும்பிப் பார்ப்பார், பார்த்தால் நான் அழுதுவிடுவேன் என்று நின்றேன். அவர் திரும்பவே இல்லை. அதற்காகவே ஆயுசுக்கும் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

"நீங்க சொல்ற மாதிரி யாரும் இங்க இல்ல," என்றார். குரல் அடியோடு தாழ்ந்திருந்தது. "இருந்தாலும் உங்ககிட்ட சொல்ல மாட்டேன். கலெக்டர் கேட்டாலும் சொல்ல மாட்டேன். எழுந்திரிங்க, நோயாளிங்க காத்திருக்காங்க."

"அப்பன் உசுரோட இருக்கான், டாக்டரம்மா. வேற யாராச்சும் கைநாட்டு வெச்சு ஏதாச்சும் நடந்துச்சுன்னா பண்ணை சும்மா இருக்காது. மந்திரி வரைக்கும் போகும். உங்களைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவாங்க."

"நான் ராமநாதபுரத்துக்காரி. எங்க ஊருக்கு மாத்துவாங்கன்னா நல்லதுதான்," என்றார் டாக்டர். வெளியே நின்ற ஆயா சிரிப்பை அடக்க முடியாமல் ஓடிப்போனாள்.

மறுநாள் காலை எட்டரைக்கு செல்வியைத் தியேட்டருக்கு அழைத்துப் போனோம். நான் கருவிகளை எடுத்துக் கொடுக்கும் பக்கம் நிற்க வேண்டியவள். டாக்டர், "அதை வேற சிஸ்டர் பாக்கட்டும், நீ தலைமாட்டுல நில்லு," என்றார். தண்டனையாகச் சொன்னாரா, பரிசாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. செல்வி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்து ரத்தம் கட்டியது. சிகிச்சைக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. முடிந்ததும், "அவ்வளவுதானாக்கா?" என்று கேட்டாள். அந்த ஊரில் என்னை சிஸ்டர் என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்.

சம்மதப் படிவத்தை உறையில் போட்டு, ரகசியம் என்று எழுதி, ஒட்டி அரக்கு முத்திரை வைத்தோம். வார்டு ரிஜிஸ்டரில் பெயர் கிடையாது, ஒரு வரிசை எண் மட்டும். இவையெல்லாம் சட்டத்தில் உள்ள முறைகள். அதுவரை சடங்காகச் செய்துவந்தேன். அன்றுதான் அந்த அரக்கு எதற்கு என்று விளங்கியது. மாலை வரைக்கும் வைத்திருந்து, மாத்திரை கொடுத்து, பின்வாசல் வழியாகப் பஸ் ஏற்றிவிட்டோம். ஏஜெண்டின் பேப்பரில் யாரும் கைநாட்டு வைக்கவில்லை. மனைக் கேஸ் நடந்தது. சில வருடங்கள் கழித்து அந்தத் தெருவுக்குப் பட்டா கிடைத்ததாகக் கேள்விப்பட்டேன். டாக்டருக்கு மாற்றல் வந்தது உண்மைதான், ஆனால் அது ஒன்றரை வருடம் கழித்து.

அதன் பிறகு ஓய்வு பெறும்வரை, மைனர் பெண் யார் வந்தாலும் நான் மேஜையை விட்டு எழுந்து தனியாக அழைத்துப் போய்த்தான் பேசுவேன். பெரியம்மா வந்தாலும், அண்ணி வந்தாலும், டாக்டர் சுகந்தா கேட்ட அதே கேள்விகளைக் கேட்டு எழுதுவேன். 'ரூல்ஸ் தமயந்தி' என்ற பெயர் போகவில்லை. ஆனால் அப்புறம் அதற்குக் கொஞ்சம் தகுதி இருந்தது.

ஆடி மாதம் செல்வியின் அப்பா வெளியே வந்தார்.

அவர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். உயரமான மனிதர், தோளில் சிவப்புத் துண்டு, ஜெயிலில் இளைத்த உடம்பு. பண்ணை ஆட்கள் அவர் காதில் எல்லாவற்றையும் ஓதியிருப்பார்கள் என்று தெரியும். எதிரில் போய் நின்று, நானே சொல்லிவிட்டேன்: "அன்னைக்கு உங்க கையெழுத்து வேணும்னு திருப்பி அனுப்பினது நான்தாங்க. பண்ணைக்குப் போகச் சொன்னதும் நான்தான். என்மேல கோவம்னா எங்கிட்ட கேளுங்க, டாக்டர்கிட்ட வேணாம்."

"தெரியும்மா. கொழுந்தியா எல்லாத்தையும் சொல்லிச்சு," என்றார். "டாக்டரைப் பாக்கணும்."

அழைத்துப் போனேன். டாக்டர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. இடுப்பிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார்.

"கொழுந்தியா மேல கேஸு போடுவேன்னு பண்ணையில மெரட்டுறானுங்க. அந்த பாரத்துல நானும் கையெழுத்துப் போட்டுர்றேங்க. ஜெயில்ல தோழருங்க எழுதக் கத்துக் குடுத்தாங்க. எங்க போடணும்னு காட்டுங்க, போதும்."

"அது சீல் வெச்ச கவர்ல இருக்கு. உங்களுக்காகக்கூட அதைப் பிரிக்க எனக்கு அதிகாரம் இல்ல," என்றார் டாக்டர். "பயப்படாதீங்க. உங்க கொழுந்தியா கைநாட்டு சட்டப்படி செல்லும். உங்க கையெழுத்து தேவையில்ல."

அவர் பேனாவைத் திரும்ப இடுப்பில் செருகினார். கோபிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லதாப் போச்சும்மா," என்றார். "சங்கத்துல நூறு பேருக்கு நியாயம் பேசுறவன் நான். கூலிக்கு எங்களை மீறி அறுத்த கூட்டத்துல ஒருத்தனால எம்பொண்ணு இப்படி நிக்கிறான்னு அன்னைக்கு அந்த பாரத்தை ஜெயிலுக்குக் கொண்டாந்து நீட்டியிருந்தா, நான் போட்டிருக்க மாட்டேன். வெளிய வந்ததும் அவளை வெட்டிட்டுத் திரும்ப உள்ள போயிருப்பேன்."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து வீட்டுக்கு வந்தேன். கதவுக்குப் பின்னாடி நின்னுச்சு புள்ள. சாப்பிட்டியாப்பான்னு கேட்டுச்சு. எங்கிட்ட கேக்காம செஞ்சீங்களே, அதுக்குத்தாம்மா கும்பிட வந்தேன்."